கருகல் நோயும் கூட்டு மருந்தும்

1980-ஆம் ஆண்டின் சாகுபடிப் பருவத்தில் அயர்லாந்து தேசத்து உருளைக்கிழங்கு விவசாயிகள் பலர், முந்தைய இரண்டொரு ஆண்டுகளில் தங்கள் பயிரை வியக்கத்தக்க விதத்தில் காத்து வந்த ஒரு மருந்தை அளவு பிசகாமல் தெளித்திருந்தும், இலைகளின் ஓரங்களில் நீர் கோத்தாற்போன்ற கரும்பச்சைத் திட்டுக்கள் தோன்றிப் பரவி, வயல்கள் கருகிச் சாய்வதைக் கண்டு திகைத்து நின்றார்கள். அந்த மருந்தின் பெயர் மெட்டலாக்சில். சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி கம்பெனி 1977-ஆம் ஆண்டில் அதை உலகுக்கு அளித்திருந்தது. நெதர்லாந்திலும் அதே பருவத்தில் அதே விபத்து நேர்ந்தது. இவ்விரு நாடுகளிலும் மெட்டலாக்சில் தனி மருந்தாகவே விற்கப்பட்டு வந்தது. பிரிட்டனிலோ அது மேன்கோசெப் என்ற பழைய மருந்தொன்றுடன் கலந்த நிலையில்தான் விவசாயியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எதிர்ப்புச் சக்தி பெற்ற நோயுயிர் பின்னர் அங்கும் கண்டுபிடிக்கப்பட்டது என்றாலும், அந்நாட்டு வயல்கள் அவ்விதம் ஒரேயடியாக வீழ்ந்துவிடவில்லை. தனியே நின்ற மருந்து ஏன் தோற்றது, துணையோடு நின்ற அதே மருந்து ஏன் தாக்குப்பிடித்தது என்ற வினாவுக்கு விடை காண முயல்வோருக்கு, பயிர்நோய்ச் சாஸ்திரத்தின் மிக முக்கியமான தத்துவங்களில் ஒன்று விளங்கிவிடும்.

நோய் இன்னதென்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பின்பருவக் கருகல் என்று நம் விவசாய இலாகாவினர் கூறும் இந்த நோய்தான், 1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தை விளைவித்து, ஏறக்குறைய 10 லட்சம் மக்களின் உயிரைக் குடித்து, இன்னும் அத்தனை பேரைக் கப்பலேற்றிப் பிற தேசங்களுக்கு அனுப்பிய கொடிய நோய். குளிர்ந்த ஈரக்காற்றே பயிரை அழுகச் செய்தது என்று அக்காலத்து அறிஞர் பலர் நம்பிக்கொண்டிருக்க, அழுகலுக்குப் பின் பூஞ்சாணம் வந்ததன்று, பூஞ்சாணம் வந்ததனாலேயே அழுகல் நேர்ந்தது என்று 1846-இல் வாதாடினார் பெர்க்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார். அது பரிசோதனை வாயிலாக ஐயமற நிலைநாட்டப்பட்டது 1861-இல், அன்டன் டி பாரி என்ற ஜெர்மானிய அறிஞரால். பைட்டாப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்று அவர் பெயரிட்ட அவ்வுயிரை நெடுங்காலம் பூஞ்சாண வர்க்கத்தில் சேர்த்தே பேசி வந்தார்கள். இன்றைய விஞ்ஞானமோ, அதன் செல்சுவர் செல்லுலோஸினால் ஆனது என்பது முதலிய காரணங்களைக் கொண்டு, கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய உறவாக அதை வகுத்திருக்கிறது. இந்த வகைப்பாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. மருந்துகளைத் தேர்ந்தெடுக்கும்போது இதன் பயன் தெரியும்.

குளிர்ந்த, ஈரம் மிகுந்த நாட்களில் இந்நோயுயிரின் வித்து இலையின் மேல் விழுந்து, முளைத்து, உள்ளே நுழைந்து, திசுக்களைத் தின்று, இலையின் அடிப்புறத்தில் வெண்மையான மெல்லிய படலமாக வெளிப்பட்டுப் புதிய வித்துக்களைக் காற்றில் விட ஒரு வார காலமே போதும். ஒரே திட்டிலிருந்து பல்லாயிரம் வித்துக்கள் புறப்படுகின்றன. நோய் கண்ட ஒரு வயலில் எண்ணிறந்த கோடி வித்துக்கள் பிறந்து பறக்கின்றன. இத்தனை கோடிகளில், மரபுப் பொருளில் இயல்பாக நேரும் திடீர் மாற்றத்தினால் ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு அசையாத வித்து ஒன்றிரண்டேனும் இருந்தே தீரும் என்பதை நாம் மறக்கலாகாது. மருந்து அவற்றைப் படைப்பதில்லை. ஏனையவற்றை அழித்து அவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது.

பயிர்களைக் காக்க மனிதன் கண்ட மருந்துகளில் புகழ்மிக்க முதல் மருந்தே ஒரு கலவை என்பது சிந்திக்கத் தக்கது. பிரான்ஸ் தேசத்தில் திராட்சைக் கொடிகளை அடிச்சாம்பல் நோய் அழித்துக்கொண்டிருந்த நாட்களில், 1882-இல், போர்தோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியரான மில்லார்தே, மெடாக் பிரதேசத்தின் தோட்டங்களைப் பார்வையிட்டபோது, எங்கும் இலை உதிர்ந்து நின்ற கொடிகளுக்கிடையே பாதையோரத்துக் கொடிகள் மட்டும் பசுமை குன்றாமல் இருப்பதைக் கவனித்தார். வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்னாமலிருக்கும் பொருட்டு, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அக்கொடிகளின் மேல் நீலக்கறை படியும்படி தெளித்து வைத்திருந்தார்களாம். இரசாயனப் பேராசிரியர் கேயோனுடன் சேர்ந்து சோதனைகள் நடத்தி, மில்லார்தே தம் முடிவுகளை 1885-இல் வெளியிட்டார். மயில்துத்தத்தைத் தனியே கரைத்துத் தெளித்தால் அது இலையையே பொசுக்கிவிடும். மழை பெய்தால் கழுவிக்கொண்டும் போய்விடும். சுண்ணாம்பு சேர்ந்தாலோ அந்தக் காரம் அடங்கி, நீரில் எளிதில் கரையாத பசை போன்ற பொருளாக இலைமேல் ஒட்டிக்கொண்டு, தாமிரத்தைச் சிறுகச் சிறுக வெளிவிடுகிறது. 100 லிட்டர் நீருக்கு 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பும் என்ற கணக்கில், உலோகப் பாத்திரத்தைத் தவிர்த்து, தனித்தனியே கரைத்துச் சேர்த்து, தீட்டிய இரும்புக் கத்தியை அதில் அமிழ்த்தி, அதன்மேல் செந்நிறத் தாமிரம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்க்கும் முறை நம் விவசாயிகள் பலருக்கும் பழக்கமானதே. ஒரு பொருளின் குற்றத்தை மற்றொரு பொருள் களைந்து அதன் குணத்தை ஓங்கச் செய்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

போர்டோ கலவை என்று பெயர் பெற்ற இந்த மருந்தும், பின்னாளில் 1960-களின் தொடக்கத்தில் வந்த மேன்கோசெப்பும், இலையின் மேற்பரப்பிலேயே நின்று காக்கும் மருந்துகள். மேன்கோசெப் நோயுயிரின் ஒரு நொதியை மட்டும் தாக்குவதில்லை. கந்தகம் அடங்கிய தயோல் தொகுதிகளைக் கொண்ட நொதிகள் பலவற்றை ஏககாலத்தில் முடக்குகிறது. இத்தனை இடங்களிலும் ஒருங்கே தன்னை மாற்றிக்கொள்வது எந்த உயிருக்கும் எளிதன்று. ஆகையினால்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இம்மருந்து வயலில் தன் ஆற்றலை இழக்கவில்லை. ஆனால் இதற்குக் குறைகளும் உண்டு. மருந்து பட்ட இடத்துக்குத்தான் காவல்; தெளித்த பின் துளிர்த்த இலைக்குக் காவல் இல்லை; இலைக்குள் புகுந்துவிட்ட நோயை இது தொடவும் இயலாது; கனமழை இதைக் கழுவிவிடும்.

இக்குறைகளைத் தீர்க்க வந்தவையே, செடியின் உள்ளே ஊடுருவிப் பாயும் மருந்துகள். மெட்டலாக்சில் இலைக்குள் புகுந்து, நீரோட்டத்தோடு மேல்நோக்கிச் சென்று, புதிய தளிரையும் காத்து, உள்ளே வேர்கொண்ட நோயையும் ஆரம்ப நிலையில் ஒடுக்கியது. விவசாயிகள் அதைக் கொண்டாடியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதன் பலமே அதன் பலவீனமாகவும் முடிந்தது. நோயுயிர் ரிபோசோம் ஆர்.என்.ஏ.வை உற்பத்தி செய்ய உதவும் ஒரே நொதியை அது தடுக்கிறது. அந்த ஒரு குறி மாறிவிட்டால் மருந்து பயனற்றதாகிவிடும். 1960-களின் இறுதியில் வந்த பெனோமில் என்ற மருந்தும் இவ்வாறே சில ஆண்டுகளுக்குள் பல நோய்களிடம் தோற்றது. 1996-இல் விற்பனைக்கு வந்த ஸ்ட்ரோபிலுரின் வகை மருந்துகளின் கதை இன்னும் சோகமானது. பைன் மரக் காய்களின் மேல் முளைக்கும் ஒரு சிறு காளான் உற்பத்தி செய்யும் பொருளை மாதிரியாகக் கொண்டு, பல ஆண்டு உழைப்பில் உருவான இம்மருந்துகள், 1998-ஆம் ஆண்டிலேயே வட ஜெர்மனியின் கோதுமைச் சாம்பல் நோயிடம் தம் வலிமையை இழந்தன. நோயுயிரின் ஒரு புரதத்தில், 143-ஆம் இடத்தில் இருந்த கிளைசின் என்ற அமினோ அமிலம் அலனினாக மாறியதே இதற்குக் காரணம். அணு அளவான அந்த மாற்றம் ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளரின் உழைப்பை வீணாக்க வல்லதாயிருந்தது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இனி, இரண்டையும் சேர்த்துத் தெளித்தால் நடப்பது என்ன என்று பார்ப்போம். மேலே நிற்கும் மருந்து வித்து முளைப்பதைத் தடுக்கிறது. அதைத் தப்பி உள்ளே புகுந்ததை ஊடுருவிய மருந்து பிடிக்கிறது. மழையில் ஒன்று கரைந்தாலும் மற்றது எஞ்சி நிற்கிறது. இவை எளிதில் விளங்கக்கூடிய நன்மைகள். ஆழமான நன்மை வேறொன்று உண்டு. அதைப் பலரும் சரியாக உணர்வதில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு மருந்துக்கு அசையாத வித்து கோடியில் ஒன்று என்றால், இரண்டுக்கும் அசையாத வித்து கோடி கோடியில் ஒன்று என்று பெருக்கிக் காட்டித் திருப்தியடைவோர் பலர். கணக்கு பிழையன்று, ஆயினும் மேன்கோசெப் போன்ற மருந்து வயலில் எல்லா வித்துக்களையும் கொல்வதில்லை, ஆகவே மெட்டலாக்சிலுக்கு அசையாத வித்துக்கள் சில எப்படியும் பிழைத்து நிற்கும். அப்படியிருந்தும் கலவை பயன் தருவதற்குக் காரணம், அவற்றின் பெருக்கத்தை அது மந்தப்படுத்துவதேயாகும்.

ஓர் உதாரணக் கணக்கு இதைத் தெளிவாக்கும். மருந்தே இல்லாத வயலில் நோய் பெருகும் வேகத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். மெட்டலாக்சிலை மட்டும் தெளித்தால், அதற்கு அடங்கும் இனத்தின் வேகம் 20 ஆகக் குறைய, அடங்காத இனமோ 100 என்ற முழு வேகத்திலேயே பெருகும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 80. அந்த வித்தியாசமே அடங்காத இனத்துக்கு மருந்து அளிக்கும் சலுகை. இப்போது, இரண்டு இனங்களின் வேகத்தையும் பாதியாகக் குறைக்கும் மேன்கோசெப்பைச் சேர்த்துவிட்டால், முதல் இனத்தின் வேகம் 10 ஆகவும் இரண்டாவதன் வேகம் 50 ஆகவும் ஆகிவிடும், வித்தியாசம் 40. சலுகை பாதியாகிவிட்டது, ஆகையால் எதிர்ப்புச் சக்தி பெற்ற இனம் வயலை ஆக்கிரமிக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் பிடிக்கும். ஒரு மருந்தின் ஆயுள் நீடிப்பது இவ்விதமே. துணை மருந்து சிறந்த காவலனாக இருக்குமளவுக்கு இந்த ஆயுளும் நீளும்; துணை பெயரளவுக்கு இருந்தால் ஆயுளும் பெயரளவுக்கே நீளும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. சில வேளைகளில் இரு மருந்துகள் சேர்ந்து, தனித்தனியே அவற்றின் பலத்தைக் கூட்டினால் வரும் பயனைக் காட்டிலும் மிகுந்த பயனைத் தருகின்றன. இதை அளக்கும் முறையை 1967-இல் கோல்பி என்பவர் வகுத்தார். முதல் மருந்து நோயில் 60 சதவிகிதத்தையும், இரண்டாவது 50 சதவிகிதத்தையும் தனியே தடுப்பதாகக் கொண்டால், சேர்ந்து 110 சதவிகிதம் தடுக்கும் என்று சொல்வது பொருளற்றது. முதலாவது விட்டுவைத்த 40-இல் இரண்டாவது பாதியைத் தடுக்கும். ஆக மொத்தம் 80 சதவிகிதம் எதிர்பார்க்கத் தக்கது. வயலில் 80 கண்டால் இரு மருந்துகளும் ஒன்றையொன்று பாதிக்காமல் வேலை செய்கின்றன. 95 கண்டால் ஒன்றுக்கொன்று வலுவூட்டுகின்றன. 65 கண்டால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறது. மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் வெள்ளரியின் அடிச்சாம்பல் நோயில் உண்மையாகவே பரஸ்பரம் வலுவூட்டுகின்றன என்று இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூச்சாவும் கோஹனும் 1984-இல் காட்டினார்கள்.

மனித வைத்தியத்திலும் இதே தத்துவம் இதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்தபோது சில மாதங்களில் கிருமி அதை வென்றது, பி.ஏ.எஸ். என்ற மருந்தையும் உடன் கொடுத்தபோது அந்த அபாயம் வெகுவாகக் குறைந்தது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம், ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். ஆகிய இரண்டையும் சேர்த்து வீட்டிலேயே கொடுத்துச் சிகிச்சை செய்யலாம் என்று 1959-இல் உலகுக்கு அறிவித்ததை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். ஆயினும் நோயாளியின் உடலில் கிருமியை அறவே ஒழித்துவிடுதல் சாத்தியம்; திறந்த வெளியில், அண்டை வயலின் காற்று வந்து மோதும் இடத்தில், அது சாத்தியமன்று. ஆதலால் பயிர்நோய் நிபுணர் கலவையைக் கொண்டு காலத்தைச் சம்பாதிக்கிறாரேயன்றி, இறுதி வெற்றியை அடைவதில்லை.

கலவை என்ற பெயரில் எதையும் எதனோடும் சேர்த்துவிடலாம் என்பது பெருந்தவறு. ஒரே குறியைத் தாக்கும் இரு மருந்துகளைச் சேர்ப்பதனால் எதிர்ப்புச் சக்தியைத் தடுக்க இயலாது. ஒன்றுக்கு அடங்காத இனம் பெரும்பாலும் மற்றதற்கும் அடங்காது. கருகல் நோய்க்கு டிரையசோல் வகை மருந்தைத் துணையாக்குவதும் வீண். அவ்வகை மருந்துகள் எர்கோஸ்டெரால் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுப்பவை, நம் நோயுயிரோ பாசி வர்க்கத்தின் உறவாதலால் அப்பொருளைத் தானே தயாரிப்பதே இல்லை. மேலே கூறிய வகைப்பாட்டின் பயன் இங்கே தெரிகிறது. போர்டோ கலவையின் சுண்ணாம்புத் தன்மை வேறு பல மருந்துகளைச் சிதைத்துவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் கொடுத்ததையெல்லாம், பூச்சிமருந்து, பூஞ்சாண மருந்து, இலைவழி உரம் என்ற பேதமின்றி, ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கி அடிக்கும் வழக்கம் நம் நாட்டில் பெருகி வருவதைக் காணும்போது, காசும் பயிரும் சேர்ந்தே பாழாகின்றனவே என்று வருத்தம் உண்டாகிறது.

அளவும் முக்கியம். நம் கடைகளில் கிடைக்கும் மெட்டலாக்சில்-மேன்கோசெப் கலவைத் தூளில் முன்னது 8 சதவிகிதமும் பின்னது 64 சதவிகிதமும் இருக்கும். இந்தத் தூளை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்தால் அதில் 1.6 கிராம் மேன்கோசெப் அடங்கியிருக்கிறது. தனி மேன்கோசெப் 75 சதவிகிதத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைக்கும்போதோ 1.5 கிராம்தான் சேர்கிறது. அதாவது, கலவையில் துணை மருந்து அரைகுறையாகச் சேர்க்கப்படவில்லை. தனியே நின்றாலும் பயிரைக் காக்கப் போதிய முழு அளவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு மருந்துகள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றிலும் பாதி போதுமே என்று சிக்கனம் பிடிப்பவர், மேலே கண்ட கணக்கின் அஸ்திவாரத்தையே தகர்த்துவிடுகிறார். அவ்வாறே, வயல் கருகத் தொடங்கிய பின்னர் கலவையை அடித்து மீட்டுவிடலாம் என்று எண்ணுவதும் சரியன்று. வித்துக்கள் மிகுந்திருக்கும் அந்த நிலையில்தான் எதிர்ப்புச் சக்தி பெற்ற இனம் தேர்ந்தெடுக்கப்படும் அபாயமும் மிகுதி. மேகமூட்டமும் தூறலும் தொடங்கும்போதே, நோய் கண்ணில் படுமுன், தெளிப்பு நடந்திருக்க வேண்டும்.

1980-ஆம் ஆண்டின் அனுபவத்துக்குப் பின் மருந்துத் தயாரிப்பாளர்கள் ஒன்று கூடி, பூஞ்சாணக் கொல்லிகளின் எதிர்ப்புச் சக்தி பற்றிய நடவடிக்கைக் குழு ஒன்றை 1981-இல் நிறுவினார்கள். மருந்துகளை அவை தாக்கும் குறிகளின்படி வகைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு வைத்திருப்பது அக்குழுவின் பெரும் உபகாரம். எனினும் நோயுயிர் ஓய்ந்திருக்கவில்லை. 13-ஏ2 என்று குறிக்கப்படும் ஓர் இனம், மெட்டலாக்சிலுக்கு அடங்காததும் மிகுந்த ஆக்கிரமிப்புக் குணமுள்ளதுமாய், 2004-ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவில் தோன்றிப் பரவிற்று. 2009-10-ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் நேர்ந்த பெருஞ்சேதத்துக்கு அந்த இனமே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னர் நிரூபித்தார்கள். அந்த இனம் பரவிய வயலில் மெட்டலாக்சில்-மேன்கோசெப் கலவையைத் தெளிக்கும் விவசாயி, உண்மையில் மேன்கோசெப்பை மட்டுமே தெளிக்கிறார். எஞ்சிய விலை வீணே போகிறது. அங்கே சைமாக்சானில் முதலிய வேறு குறியுள்ள துணைகளை நாட வேண்டும்.

துணை மருந்துகளிலும் இப்போது பஞ்சம் தோன்றியிருக்கிறது. இனப்பெருக்கத்துக்கும் நாளமில்லாச் சுரப்பிகளின் இயக்கத்துக்கும் தீங்கு விளைவிக்கக் கூடியது என்ற காரணத்தால், ஐரோப்பிய ஒன்றியம் மேன்கோசெப்புக்கு அளித்திருந்த அனுமதியை 2020 டிசம்பரில் புதுப்பிக்க மறுத்துவிட்டது. மக்களின் சுகத்தை முன்னிட்டுச் செய்யப்பட்ட அந்த முடிவை நான் குறை கூறவில்லை. ஆனால் பல குறிகளைத் தாக்கும் துணையை இழந்த மருந்துகள் மீண்டும் தனிமைப்பட்டு நிற்கின்றன என்ற உண்மையையும் மறைக்க இயலாது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே டென்மார்க்கில் 43 என்ற எண் பெற்ற ஓர் இனம் மாண்டிபுரோபமிட் என்ற மருந்துக்கு அடங்காமல் பெருகிற்று. அங்கே இப்போது வேறு வேறு குறிகளையுடைய இரண்டு மருந்துகளைச் சேர்த்தே தெளிக்கும்படியும், நோயைத் தாங்கும் ரகங்களைப் பயிரிடும்படியும் விவசாயிகளுக்கு அறிவுரை கூறுகிறார்கள்.

எந்தத் துணை எந்த வயலுக்கு ஏற்றது என்பது அங்கே பரவியிருக்கும் இனத்தைப் பொறுத்தது. ஐரோப்பாவில் யூரோபிளைட் என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, நோய் கண்ட இலைத்திட்டை ஒரு விசேஷக் காகித அட்டையின் மேல் வைத்து நசுக்கி உலர்த்தித் தபாலில் அனுப்பச் செய்து, அதில் படிந்த மரபுப் பொருளைப் பரிசோதித்து, ஆண்டுதோறும் எந்த நாட்டில் எந்த இனம் பரவியிருக்கிறது என்ற வரைபடத்தை வெளியிட்டு வருகிறது. நூறாண்டுகளுக்கு மேலாக இந்நோயை அறிந்த நீலகிரி மலைக்கும், தக்காளி விளையும் தென்னிந்தியச் சமவெளிகளுக்கும், அத்தகைய வரைபடம் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் விவசாயியின் கைக்கு எட்டும்படி செய்தல் வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகளும் அறிவும் நம் விவசாயப் பல்கலைக்கழகங்களில் இன்றே இருக்கின்றன. குறைவாக இருப்பவை அட்டைகளை வயலிலிருந்து சேகரித்து அனுப்பும் ஏற்பாடும், முடிவை விதைப்புக்கு முன்பே திருப்பி அனுப்பும் ஏற்பாடுமேயாகும்.